மிச்சமாகும் நேரம் யாருக்கு?

சிங்கப்பூரில் தமிழர் நலனுக்காக இயங்கும் அறநிறுவனங்கள், சமூக அமைப்புகள், வழிபாட்டுத் தலங்களின் தொண்டுக் குழுக்கள் ஆகியவற்றின் செயலவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் அடுத்த செயலவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை நம் அமைப்பு எதற்குப் பயன்படுத்தும், எதற்குப் பயன்படுத்தாது, அதனால் மிச்சமாகும் நேரத்தை யாருக்குக் கொடுக்கும் என்பதே அந்தப் பொருள். மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம். முதல் இரண்டையும் பேச இன்று ஆலோசகர்களும் பயிலரங்குகளும் நிறையவே உண்டு. மூன்றாவதை உங்களைத் தவிர வேறு யாரும் முடிவு செய்ய முடியாது.

நான் ஒரு சிறிய அமைப்பின் தொண்டூழியர். வார இறுதியில் முதியோர் வீடுகளுக்குப் போய் வருவதும், வாரநாள் இரவுகளில் அமைப்பின் எழுத்து வேலைகளைப் பார்ப்பதும் என் பங்கு. மற்ற அமைப்புகளில் இதே வேலையைச் செய்யும் நண்பர்களுடன் பேசும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இந்தக் கருவிகள் நம் அமைப்புகளுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டன. சாட்ஜிபிடி 2022 நவம்பர் இறுதியில் வெளியானது. அதன் பிறகு கூட்டக் குறிப்பு, நன்றிக் கடிதம், தீபாவளி விருந்து அறிவிப்பு, மானிய விண்ணப்பம் என்று ஒவ்வொன்றாகத் தொண்டூழியர்களின் சொந்தக் கைப்பேசி வழியாக அதற்குள் போய் வந்துகொண்டிருக்கின்றன. யாரும் அனுமதி கேட்கவில்லை. கேட்கச் சொல்லும் விதி எதுவும் இல்லை. செயலவைக்குத் தெரியாமலே செயலவையின் பெயரில் கடிதங்கள் போகின்றன. இதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. நாள் முழுவதும் அலுவலகத்தில் உழைத்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு அமைப்பின் வேலையைத் திறந்து உட்காருபவர் கைக்கெட்டிய உதவியைப் பிடித்துக்கொள்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

நம்மைப் போன்ற சிறிய அமைப்புகளில் தொண்டூழியரின் நேரம் எங்கே கரைகிறது என்பதை உட்கார்ந்து பாருங்கள். சம்பளம் வாங்கும் ஊழியர் ஒருவரோ இருவரோ இருந்தால் பெரிது. அறநிறுவன ஆணையரிடம் ஆண்டுதோறும் அறிக்கையும் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். மானியம் தந்தவர்களுக்கு அவரவர் கேட்கும் வடிவத்தில் தனித்தனி அறிக்கை. ஐபிசி எனப்படும் பொதுநல அமைப்புத் தகுதி பெற்றிருந்தால் நன்கொடையாளருக்கு 250 விழுக்காட்டு வரிக்கழிவு கிடைக்க அவர்களின் அடையாள எண்ணோடு நன்கொடை விவரத்தை உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். துணைப்பாட வகுப்பு நடத்தினால் வருகைப் பதிவு, பெற்றோருக்கான தகவல், ஆசிரியர் பட்டியல். இவையெல்லாம் அவசியமானவை. பொதுமக்கள் பணத்தைக் கையாளும் அமைப்பு கணக்குக் காட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் வாடகை வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியைப் பார்த்துப் பேச வேண்டும் என்று சேர்ந்தவர், இரண்டாம் ஆண்டில் எக்செல் தாளோடு மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறார். மூன்றாம் ஆண்டில் அவர் வருவதில்லை. நல்ல தொண்டூழியர்களை நாம் இழப்பதற்குக் காரணம் கேட்டால் பலரும் வேலைப்பளு, குடும்பம் என்கிறார்கள். அவர்கள் வந்த காரணத்துக்கும் நாம் கொடுத்த வேலைக்கும் இடையிலான தூரமும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

இந்த இடத்தில்தான் கருவிகள் உண்மையாகவே உதவும். அவசரமாகக் கிறுக்கிய குறிப்புகளைக் கொடுத்தால் ஒழுங்கான கூட்டக் குறிப்பாக மாற்றித் தரும். ஒரே நிகழ்ச்சியைப் பற்றி மூன்று மானியதாரர்களுக்கு மூன்று வடிவங்களில் அறிக்கை எழுத வேண்டியிருந்தால், முதல் வரைவுகளைச் சில நிமிடங்களில் தரும். நாற்பது பக்கக் கொள்கைச் சுற்றறிக்கையில் நம் அமைப்பைத் தொடும் பகுதிகள் எவை என்று காட்டும். ஆறு மாத வருகைப் பதிவில் தொடர்ந்து மூன்று வாரம் வராத மாணவர்கள் யார் என்று கண்டுபிடிக்கும் சூத்திரத்தை எழுதித் தரச் சொல்லலாம். மாணவர்களின் பெயர்களைக் கொடுக்கவே வேண்டாம், தாளின் தலைப்புகளை மட்டும் கொடுத்தால் போதும். அப்படிக் கிடைத்த பட்டியலைப் பார்த்துவிட்டு ஒருவர் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவார் என்றால், கருவி தன் வேலையைச் சரியாகச் செய்ததாக அர்த்தம்.

துணைப்பாட வகுப்புகளில் இன்னொரு பயனும் உண்டு. ஒரே வகுப்பில் தமிழைச் சரளமாகப் படிக்கும் பிள்ளையும், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரே கதையை மூன்று கடினநிலைகளில் எழுதித் தரச் சொல்லி, ஆசிரியர் திருத்திக் கொடுத்தால், இரண்டு பேரும் ஒரே கதையைப் பற்றிப் பேச முடியும். கையால் எழுத இரண்டு மணி நேரம் ஆகும் வேலை இது. அதனாலேயே பலரும் முன்பு இதைச் செய்ததில்லை.

இரண்டு எச்சரிக்கைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எண்களை ஒருபோதும் கருவியிடம் விடாதீர்கள். "பயனடைந்தோர் பற்றி ஒரு பத்தி எழுது" என்றால் அது தயங்காமல் ஓர் எண்ணிக்கையைப் போட்டு, அழகான வாக்கியமாக்கித் தரும். அந்த எண் எங்கிருந்தும் வந்ததில்லை. அது மானிய விண்ணப்பத்தில் ஏறி, தலைவர் கையெழுத்துடன் போய்விட்டால் பொறுப்பு கையெழுத்திட்டவருடையது. இரண்டாவது, கருவி எழுதிய கடிதத்தை அப்படியே அனுப்பும் பழக்கம். பத்து ஆண்டுகளாக மாதம் ஐம்பது வெள்ளி கொடுக்கும் ஒரு நன்கொடையாளருக்கு, அவரை அறியாத ஒன்று எழுதிய நன்றிக் கடிதம் போகக்கூடாது. அந்தக் கடிதத்தில் மிச்சம் பிடிக்கும் நேரம் நமக்கு வேண்டாம்.

இனி தமிழைப் பற்றி. நம் அமைப்புகளுக்கு இதுவே மற்றவர்களிடமிருந்து வேறுபடும் இடம். இந்தக் கருவிகள் எழுத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துத்தான் படிக்கின்றன. ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரு சொல்லுக்கு ஒரு துண்டு போதும். தமிழுக்கோ பல துண்டுகள் வேண்டியிருந்தன. துண்டு கூடக்கூடச் செலவு கூடும், வேகம் குறையும். 2024 மே மாதம் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4ஓ என்ற புதிய மொழி மாதிரியை வெளியிட்டபோது, முன்பு 116 துண்டுகளாக உடைந்த ஓர் எடுத்துக்காட்டுத் தமிழ்ப் பகுதி இப்போது 35 துண்டுகளில் அடங்குவதாகக் காட்டியது. பெரிய முன்னேற்றம்தான். நம் நாட்டிலேயே ஏஐ சிங்கப்பூர் அமைப்பு தென்கிழக்காசிய மொழிகளுக்காக உருவாக்கும் சீ-லயன் மாதிரியில் தமிழும் உண்டு. பொதுமக்களும் பயன்படுத்தக்கூடிய எஸ்ஜி டிரான்ஸ்லேட் டுகெதர் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தை அரசாங்கம் 2022ல் திறந்தது. சிங்கப்பூரின் திட்டப் பெயர்களும் அமைச்சுகளின் பெயர்களும் வரும் அறிவிப்புகளுக்கு அதை முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன்.

காரணம் இதுதான். வெளிநாட்டில் உருவான பொதுக் கருவிகள் நம் திட்டங்களுக்குத் தாங்களாக ஒரு தமிழ்ப் பெயரைச் சூட்டிவிடுகின்றன. முதியோருக்கான மெர்டேக்கா தலைமுறைத் திட்டத்தையோ மருத்துவக் கட்டணச் சலுகைக்கான சாஸ் அட்டையையோ வேறு பெயரில் நாம் அறிவிப்பில் போட்டால், அந்தப் பெரியவர் வீட்டுக்கு அரசாங்கத்திலிருந்து வந்த கடிதத்தில் இருக்கும் பெயரோடு அதைப் பொருத்திப் பார்க்க முடியாது. இது வேறு ஏதோ திட்டம், நமக்கில்லை என்று நினைத்து ஒதுக்கிவிடுவார். இலக்கணப் பிழை எதுவும் இருக்காது, ஆனால் உதவி அவரைச் சேராது. மருந்து, மருத்துவச் சந்திப்பு, விண்ணப்பக் கடைசித் தேதி போன்றவற்றில் பிழை வந்தால் விளைவு இன்னும் மோசம். பேச்சை எழுத்தாக்கும் கருவிகளும் இப்படித்தான். செய்தி வாசிப்பது போன்ற தமிழை நன்றாகவே பிடித்துக்கொள்கின்றன. ஈசூனில் அறுபது ஆண்டுகள் வாழ்ந்த ஒரு தாத்தா தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து, பல்லில்லாத வாயால் தன் கால்வலியைச் சொல்லும்போது தடுமாறிவிடுகின்றன.

ஆகவே தமிழில் வெளியே போகும் எதுவும் தமிழ் நன்கு அறிந்த ஒருவர் கண்ணைத் தாண்டாமல் போகக்கூடாது என்பதை விதியாகவே எழுதி வையுங்கள். அந்த ஒருவர் யார் என்ற கேள்விக்கு நம்மிடம் அருமையான விடை இருக்கிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள். கணினி, செயலி, இணையப் படிவம் என்று வேலைகள் மாற மாற, "இதெல்லாம் இளையர்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்று நம் அமைப்புகளில் மெல்ல ஒதுங்கிப்போனவர்கள் அவர்கள். இப்போது வரைவு எழுதுவது எளிதாகிவிட்டது, சரிபார்ப்பதுதான் அரிய திறன். காகிதத்தில் அச்சடித்துச் சிவப்புப் பேனாவுடன் அவர்கள் கையில் கொடுங்கள். 2015ல் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தில் அருண் மகிழ்நன் தலைமையில் சமூகத் தொண்டூழியர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்புகளை மின்னிலக்கமாக்கினார்கள். சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டில் நம் சமூகம் நாட்டுக்குக் கொடுத்த பரிசு அது. அப்படியொரு உழைப்பைத் திரட்டத் தெரிந்த சமூகத்தால் மாதம் நாலைந்து அறிவிப்புகளைச் சரிபார்க்க ஆள் சேர்க்க முடியாதா?

அடுத்தது, நான் மிகவும் கவலைப்படும் விஷயம். தயவுசெய்து இந்தப் பகுதியைக் கூட்டத்தில் வாய்விட்டே படியுங்கள்.

உதவி தேடி வருபவர்கள் நம்மிடம் சொல்லும் கதைகள் சாதாரணமானவை அல்ல. கணவரின் அடி, வட்டிக்காரரிடம் வாங்கிய கடன், மகன் சிறையில் இருப்பது, மகளின் மனநோய், புற்றுநோய் என்று தெரிந்தும் வீட்டில் சொல்லாதது. ஒரு தொண்டூழியர் இதைக் கேட்டு, குறிப்பெடுத்து, "இதை ஓர் உதவிக் கடிதமாக எழுதித் தா" என்று இலவசக் கருவி ஒன்றில் ஒட்டுகிறார். பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் நீக்கிவிட்டோம், பிறகென்ன என்று நினைக்கிறார். பெரிய சமூகத்தில் அது ஓரளவு போதுமானதாக இருக்கலாம். நம் சமூகத்தில் போதாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. இன்ன வட்டாரத்தில், மூன்று பெண் பிள்ளைகளோடு, துப்புரவு வேலை பார்க்கும், கணவர் சிறையில் இருக்கும் தமிழ்ப் பெண் என்று எழுதினால் போதும், யாரென்று தெரிந்தவர்கள் தேக்காவில் பத்துப் பேராவது இருப்பார்கள். பெயர் இல்லாமலே ஆளைக் காட்டும் விவரங்கள் அவை. அவர் நம்மிடம் வந்ததே, அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் உதவி கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கை ஒருமுறை போனால் அவர் மட்டுமல்ல, அவரைப் போன்ற நாலு பேர் நம் வாசலுக்கு வரமாட்டார்கள்.

இலவசக் கணக்குகளில் நாம் இடும் எழுத்தை, கணக்கின் செட்டிங்ஸை நாம் மாற்றி வைத்தாலொழிய, கருவியை மேலும் பயிற்றுவிக்கப் பயன்படுத்தும் நிறுவனங்கள் உண்டு. நிறுவனங்களுக்கான கட்டணக் கணக்குகளில் பொதுவாக அப்படிச் செய்வதில்லை என்று ஒப்பந்தத்திலேயே சொல்வார்கள். இந்த வேறுபாடு தொண்டூழியருக்குத் தெரியாது. சொல்லித் தர வேண்டும். சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அறநிறுவனங்களுக்கும் பொருந்தும். ஒவ்வோர் அமைப்பும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்திருக்க வேண்டும். 2019 செப்டம்பர் முதல் சட்டம் கேட்டாலோ, அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்தும் தேவை இருந்தாலோ தவிர அடையாள அட்டை எண்ணை வாங்கவே கூடாது. தகவல் கசிவு 500 பேரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ பாதித்தாலும், யாருக்கேனும் பெரும் தீங்கு விளைவிக்கக்கூடியதாக இருந்தாலும், அதை அறிந்து உறுதிசெய்த மூன்று நாள்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் அமைப்பின் தகவல் பாதுகாப்பு அதிகாரி யார் என்று இப்போதே உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். பெயர் உடனே நினைவுக்கு வரவில்லை என்றால், செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

சமூக ஊழியர்களுக்கென்றே பாதுகாப்பாக உருவாக்கப்பட்ட கருவிகளும் வரத் தொடங்கியுள்ளன. உரையாடலைக் கேட்டுச் சந்திப்புக் குறிப்பை எழுதித் தரும் ஸ்க்ரைப் என்ற கருவியை அரசாங்கத்தின் ஓப்பன் கவர்ன்மென்ட் புராடக்ட்ஸ் குழு சமூக சேவைத் துறையினருக்காக உருவாக்கியிருக்கிறது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் இருக்கும் அமைப்புகள் அத்தகையவற்றை நாடட்டும். தொண்டூழியர்கள் மட்டுமே நடத்தும் அமைப்புகளுக்கு என் பரிந்துரை மிக எளிது. தனி மனிதரின் கதை எந்தக் கருவிக்குள்ளும் போக வேண்டாம். கடிதத்தின் வடிவத்தைக் கருவியிடம் கேட்டு வாங்குங்கள், கதையைக் கையால் நிரப்புங்கள். கால் மணி நேரம் கூடுதலாகும். ஆகட்டும்.

யாருக்கு உதவி என்று முடிவு செய்யும் வேலையையும் கருவியிடம் கொடுக்காதீர்கள். கல்வி உதவி நிதிக்கு நூறு விண்ணப்பங்கள் வருகின்றன, கருவியை வைத்து வரிசைப்படுத்தினால் பாரபட்சம் இருக்காது என்று சொல்வோர் உண்டு. அவர்களின் நோக்கம் நல்லது. ஆனால் நன்றாக எழுதப்பட்ட விண்ணப்பம் மேலே வரும், அம்மா சொல்லச் சொல்ல எட்டாவது படிக்கும் அண்ணன் நிரப்பிய படிவம் கீழே போகும். இன்னொன்றையும் கவனியுங்கள். விண்ணப்பிப்பவர்களும் இப்போது இதே கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள், அதில் தவறும் இல்லை. வரப்போகும் ஆண்டுகளில் நம்மிடம் வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி மனத்தை உருக்கும் நடையில் இருக்கும். கடிதத்தை வைத்து நிலைமையை எடைபோடும் பழக்கம் இனி பயன்படாது. வீட்டுக்குப் போய், முன்கூடத்தில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளை எங்கே படிக்கிறது, இரவில் எத்தனை பேர் அந்த அறையில் படுக்கிறார்கள் என்று பார்த்தால்தான் தெரியும். அதற்கு நேரம் வேண்டும். கூட்டக் குறிப்பிலும் அறிக்கையிலும் மிச்சமாகும் நேரம் போக வேண்டிய முதல் இடம் இதுதான் என்பது என் கருத்து.

வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் குழுக்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் ஒரு தம்பி கையில் ஆங்கிலக் கடிதத்துடன் வருகிறார். மருத்துவமனையிலிருந்தோ முதலாளியிடமிருந்தோ வந்தது. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்ல, தனி விவரங்களை மறைத்துவிட்டுக் கருவியைப் பயன்படுத்தலாம். கடிதத்தைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு அதன் பொருள் தெரிவதே பாதி நிம்மதி. ஆனால் "நான் இப்போது என்ன செய்ய வேண்டும்" என்ற அவருடைய அடுத்த கேள்விக்குக் கருவியின் பதிலைப் படித்துக் காட்டாதீர்கள். இந்தியச் சட்டத்தையும் சிங்கப்பூர்ச் சட்டத்தையும், பழைய விதியையும் புதிய விதியையும் கலந்து, தயக்கமே இல்லாத குரலில் அது பதில் சொல்லக்கூடும். வேலையிடக் காயத்துக்கு இழப்பீடு கோர விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுதான் அவகாசம். தவறான ஆலோசனையால் அந்த அவகாசம் கடந்துவிட்டால், ஊரில் கடன் வாங்கி இங்கே வந்த ஒரு குடும்பத்தின் வாழ்க்கை சாய்ந்துவிடும். வெளிநாட்டு ஊழியர்களுக்காகவே இயங்கும் டிடபிள்யூசி2, ஹோம் போன்ற அமைப்புகளில் இந்த வழக்குகளை ஆண்டுக்கணக்கில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவரை அங்கே அழைத்துப் போங்கள், முடிந்தால் கூடவே உட்காருங்கள்.

துன்பத்தில் இருப்பவர்களுக்கு முன்னால் தானியங்கி உரையாடியை நிறுத்தும் யோசனையையும் இத்துடன் சேர்த்து நிராகரிக்க வேண்டுகிறேன். வகுப்பு எத்தனை மணிக்கு, எந்தச் சமூக மன்றத்தில் என்ற கேள்விகளுக்கு அது பதில் சொல்லட்டும். நள்ளிரவில் ஒருவர் வாழப் பிடிக்கவில்லை என்று எழுதினால் அதைப் பெற்றுக்கொள்ள மனிதர் இருக்க வேண்டும். நம்மால் அப்படி ஒருவரை வைக்க முடியாவிட்டால், 24 மணி நேரமும் இயங்கும் எஸ்ஓஎஸ் தற்கொலைத் தடுப்பு அமைப்பின் 1767 என்ற எண்ணை அறிவிப்பில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

நிதி திரட்டும் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருவி உருவாக்கிய அழும் குழந்தையின் முகத்தை நம்மிடம் உதவி பெறுபவரின் முகம் போலக் காட்டக் கூடாது. உண்மையான குழந்தையின் படத்தைப் போடுவது அதன் மானத்துக்கு இழுக்கு என்று நினைத்தால், முகமே இல்லாத படம் போதும். 2024ல் இந்நாட்டு மக்கள் மோசடிகளில் குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளியை இழந்தார்கள். போலிக் குரலும் போலி முகமும் மலிந்துவிட்ட காலத்தில் அறநிறுவனத்தின் ஒரே சொத்து அதன் பேச்சில் பொய் இல்லை என்ற எண்ணம்தான். நாங்கள் எந்த வழியில் நன்கொடை கேட்போம், எந்த வழியில் ஒருபோதும் கேட்கமாட்டோம் என்று ஆதரவாளர்களுக்கு எழுதி அனுப்புங்கள். சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்புச் சேவையான ஸ்கேம்ஷீல்டின் 1799 எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.

செலவைப் பற்றி நீண்டு பேச ஒன்றுமில்லை. கூகல், மைக்ரோசாஃப்ட், கேன்வா ஆகியவை லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு இலவசமாகவோ சலுகை விலையிலோ சேவை தருகின்றன. தேசிய சமூக சேவை மன்றத்தின் டெக்-அண்ட்-கோ திட்டம் சமூக சேவை அமைப்புகளின் தொழில்நுட்பச் செலவுக்கு உதவுகிறது. விற்பனையாளர் யாராவது வந்து ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டால் பொறுங்கள். முதலில் இருப்பதை வைத்து மூன்று மாதம் பழகுங்கள். பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவைகளிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் இதை நன்கு அறிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். வெறும் சுவரொட்டி ஒட்டவும் நாற்காலி அடுக்கவும் அவர்களைக் கூப்பிடாமல், சிவப்புப் பேனா பிடித்த ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

ஒவ்வோர் அமைப்பும் தனித்தனியாக இதையெல்லாம் செய்ய வேண்டியதில்லை என்பதையும் வலியுறுத்துகிறேன். அரசாங்கத் திட்டங்களின் சரியான தமிழ்ப் பெயர்ப் பட்டியல் நம் எல்லாருக்கும் ஒன்றுதான். தமிழ்ச் சரிபார்ப்பாளர் குழுவும் பொதுவானதாக இருக்கலாம். ஒரு பக்க விதிமுறையையும் ஒருவர் எழுதி மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம். 1991 முதல் இயங்கி, சம்பளத்திலிருந்து மாதந்தோறும் நாம் செலுத்தும் சந்தாவால் வளர்ந்த சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) இதற்கு அழைப்பு விடுத்தால் சிறிய அமைப்புகள் நிச்சயம் வரும். சிண்டாவின் பொறுப்பாளர்கள் இதைப் படித்தால், இதை என் நேரடி வேண்டுகோளாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, முதலில் சொன்ன மூன்றாவது கேள்வி. நேரம் மிச்சமானால் அது தானாக நல்ல இடத்துக்குப் போகாது. இருபது அறிவிப்பு எழுதிய இடத்தில் அறுபது அறிவிப்பு எழுதுவோம். எல்லாப் பண்டிகைக்கும் அமைப்பின் சின்னம் போட்ட வாழ்த்துப் படம் வாட்ஸ்அப்பில் பறக்கும். அறிக்கைகள் நீளும். வேலை குறைந்ததால் மானியதாரர்களும் இன்னும் அதிகமாகக் கேட்கத் தொடங்குவார்கள். ஆண்டு முடிவில் எல்லாரும் முன்பைப் போலவே களைத்திருப்போம், அந்தப் பாட்டியின் வீட்டுக்கு மட்டும் யாரும் போயிருக்கமாட்டோம். இதைத் தடுக்க நான் கேட்பது சின்ன விஷயம்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செயலவைக் குறிப்பில் இரண்டு வரி எழுதுங்கள். எந்த வேலையில் ஏறத்தாழ எத்தனை மணி நேரம் மிச்சமானது என்பது ஒரு வரி. அந்த நேரத்தில் யார் யாரைப் பார்க்கப் போனார்கள் என்பது அடுத்த வரி. இரண்டாவது வரி காலியாக இருந்தால், எந்த அறிவிப்பை, எந்த அறிக்கையை நிறுத்தலாம் என்று அன்றே முடிவெடுங்கள்.

மேலே சொன்ன விதிகளை அரைப் பக்க வரைவாக எழுதி என் அமைப்பின் செயலவையிடம் கொடுத்திருக்கிறேன். எந்த அமைப்பு கேட்டாலும் அதை மகிழ்ச்சியுடன் பகிர்ந்துகொள்வேன். உங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள், வேண்டாததை அடித்துவிடுங்கள். முடிவு எதுவாக இருந்தாலும், இரவில் உட்கார்ந்து அமைப்பின் வேலையைச் செய்யும் தொண்டூழியர்களுக்கு அதை எழுத்தில் கொடுங்கள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
ஒரு தொண்டூழியர்
சிங்கப்பூர்